பெயர்ந்தோரா, பெயர்க்கப்பட்டோரா?

இலக்கணம் வகுப்பறைக்குள் அடங்கிய கல்வி என்று எண்ணுவோர் பலர். தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் பாகுபாடுகளைத் தேர்வுக்காகக் கற்பித்துத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஆயின், மனிதன் தன் துன்பத்தைச் சொல்லப் புகும்பொழுது இப்பாகுபாடுகள் உயிர் பெறுகின்றன. துன்பம் தானே வந்ததா, ஒருவரால் விளைந்ததா, துன்புற்றவன் அதற்குப் பொறுப்பாளனா என்பவற்றையெல்லாம் வினைச்சொல் தன் வடிவினாலேயே சொல்லிவிடுகிறது.

போரினால் வீடும் ஊரும் இழந்த மக்களின் உளநலம் பற்றித் தமிழில் எழுதப்படும் நூல்களையும் அறிக்கைகளையும் நாளேட்டுச் செய்திகளையும் இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது. அவற்றில் வழங்கும் சொற்களுள் சில துயருற்றாருக்குத் துணை நிற்கின்றன. சில அவர்தம் சுமையைக் கூட்டுகின்றன. மருந்து கொடுப்பது மருத்துவர் தொழில். சொல்லை எடைபோடுவது தமிழாசிரியர் தொழில். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நடந்த போர் இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சான்றுகளை நிறையத் தந்திருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் அப்போரின் செய்திகளைப் படித்ததும், பேசியதும், பிள்ளைகளுக்கு விளக்கியதும் இச்சொற்களைக் கொண்டே ஆகும்.

நான்கு பெயர்கள்

வீடிழந்தவரைக் குறிக்க இன்று நான்கு பெயர்கள் வழங்குகின்றன. முதலாவது 'அகதி'. கதி இல்லாதவர், அதாவது புகலிடம் அற்றவர் என்பது அதன் பொருள். வடசொல் என்று கருதி இதனை நீக்க விரும்பியோர் 'ஏதிலி' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். பழந்தமிழ் நூல்களில் 'ஏதிலார்' என்பது அயலாரை, நம்மோடு தொடர்பு இல்லாதவரைக் குறிக்கும். தமிழ்ச்சொல் என்னும் பெருமை இதற்கு உண்டு. ஆனால், கதவைத் தட்டி நிற்பவரை 'அயலார்' என்று அழைப்பது பொருந்துமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'அகதி' அவருக்கு இல்லாத ஒன்றைச் சொல்கிறது. 'ஏதிலி' அவர் நமக்கு யாரும் அல்லர் என்கிறது. சொல் தூய்மையாயிற்று, பொருள் சற்றுக் கடுமையாயிற்று.

மூன்றாவது 'புலம்பெயர்ந்தோர்'. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறநாட்டு மக்களைப் புலம்பெயர்ந்தவர் என்று குறிக்கிறது. அவர்கள் பொருள் தேடித் தாமே விரும்பி வந்தவர்கள். நான்காவது 'இடம்பெயர்ந்தோர்'. நாட்டின் எல்லையைக் கடக்காமல், சொந்த நாட்டிற்குள்ளேயே அலைந்தவரைக் குறிக்க இலங்கையில் இச்சொல் நிலைபெற்றது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை எல்லை கடந்தவர்க்கே உரியது. எல்லை கடவாதவர்க்கு 1998-இல்தான் ஐக்கிய நாடுகள் சபையில் வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. இவ்வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது உண்மையே.

ஆனால், பின்னிரண்டு பெயர்களுக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. 'பெயர்தல்' தன்வினை, 'பெயர்த்தல்' பிறவினை. பறவை கிளை விட்டுக் கிளை பெயர்கிறது. மரம் வேரோடு பெயர்க்கப்படுகிறது. போரினால் துரத்தப்பட்டவரை 'இடம்பெயர்ந்தோர்' என்னும்பொழுது, அவர் பறவையைப்போலத் தம் விருப்பத்தால் எழுந்து சென்றார் என்ற பொருள் அறியாமலே உள்ளே நுழைந்துவிடுகிறது.

இரண்டு அக்டோபர்கள்

இக்குறை சொல்லளவில் நிற்பதன்று. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் ஆணையால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் இருந்தோருக்கு அக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரமே அளிக்கப்பட்டது. மாகாணம் முழுவதிலும் 70,000-க்கும் மேற்பட்டோர் நகையும் பணமும் வீடும் நிலமும் விட்டுச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அரசாங்கப் பட்டியல்களில் அவர்களுக்கும் 'இடம்பெயர்ந்தோர்' என்பதே பெயர். அவர்களோ அந்நிகழ்ச்சியை 'வெளியேற்றம்' என்றே இன்றளவும் கூறிவருகின்றனர். வெளியேறுதல் அன்று, வெளியேற்றுதல் என்று அவர்கள் வற்புறுத்துவதில் இலக்கணமும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 30 அன்று, இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறிவர, புலிகளின் அறிவிப்பும் சேர்ந்துகொள்ள, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் வலிகாமத்திலிருந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழையில், ஒடுங்கிய சாலையில், இரவு முழுவதும் நடந்த அந்நிகழ்ச்சியை யாழ்ப்பாணத்தார் 'இடப்பெயர்வு' என்று குறிப்பிடுவர்.

இத்தகைய நடைப்பயணத்தில் நடக்க இயலாத முதியோரின் கதி யாது என்னும் கேள்வி எழாமல் இராது. தப்பி வந்தவர் பலர் பிற்காலத்தில் சொல்லும் சொல் 'விட்டுவிட்டு வந்தேன்' என்பது. தாயை விட்டுவிட்டு வந்தேன், மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தேன், கிணற்றடியில் புதைத்ததை விட்டுவிட்டு வந்தேன் என்று எல்லாம் தன்மை ஒருமைச் செய்வினையில் வருகின்றன. செய்தவர் தாமே என்று அவ்வாக்கியம் தீர்ப்பளித்துவிடுகிறது. பேரழிவில் உயிர் பிழைத்தோர் தம்மைத் தாமே குற்றம் சாட்டிக்கொள்வதை உலகெங்கும் உளநூலார் கண்டிருக்கின்றனர். அக்குற்ற உணர்ச்சிக்கு வினைமுற்று ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும், அவரைச் சுற்றியுள்ள சமுதாயமும், அரசும், செய்தித்தாளும் அதே தன்வினையை வழங்கும்பொழுது, அவருடைய தவறான தீர்ப்புக்கு அவை சாட்சி சொல்கின்றன என்பதை மறுக்க இயலாது.

புண்ணும் வடுவும்

போரினால் உள்ளத்திற்கு நேரும் ஊற்றைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் சொல், கிரேக்க மொழியில் 'காயம்' என்னும் பொருளுடையது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம், வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரர்களின் நிலையைக் கண்டபின், 1980-இல் இதனை ஒரு நோயாகத் தன் கைந்நூலில் சேர்த்தது. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்று பெயரிட்டனர்.

நல்ல சொல்லாக்கம் என்றே கூறல் வேண்டும். 'மனநோய்' என்றால் உள்ளிருந்து தோன்றியது என்பது மக்கள் கருத்து. அதனோடு இழிவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குவர். 'வடு' என்றாலோ வெளியிலிருந்து ஓர் அடி விழுந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அடித்தவன் ஒருவன் உண்டு என்னும் குறிப்பும் அதில் அடங்கியிருக்கிறது. படிப்பறியாத பாட்டிக்கும் இச்சொல் புரியும்.

ஆயினும், தமிழில் புண் வேறு, வடு வேறு. புண் ஆறக்கூடியது, ஆறிய பின்னும் மறையாத தழும்பு வடு. திருவள்ளுவர் தீயினால் சுட்ட புண்ணையும் நாவினால் சுட்ட வடுவையும் வேறு பிரித்தது தமிழாசிரியர் நன்கறிந்ததே. எனவே, 'மனவடு' என்று சொல்லுந்தோறும், 'இனி மாறாது' என்னும் தொனியும் உடன் கேட்கிறது. மேலும், பழிக்கும் குற்றத்துக்கும் வடு என்னும் பெயர் உண்டு. துன்புற்ற சிறுவனை 'வடுப்பட்டவன்' என்று சுட்டுவது, அவனை என்றைக்கும் ஊனமுற்றவனாக எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

உண்மை நிலை வேறு. போர் சூழ்ந்த நாடுகளின் மக்கள்தொகையை ஆராய்ந்த கணக்கு ஒன்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்நாடுகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 22 பேர் ஏதேனும் ஒரு மனநோய்க்கு உட்பட்டிருப்பர் என்றும், அவருள் 5 பேருக்கு நோய் கடுமையாக இருக்கும் என்றும் அது மதிப்பிட்டது. போரற்ற காலத்தை நோக்க இது பெருந்தொகையே. ஆனால், எஞ்சிய 78 பேர்? அவர்கள் துயரப்படுகின்றனர், தூக்கம் கெட்டிருக்கின்றனர், நெஞ்சு அடைக்கிறது, தலை இடிக்கிறது என்று மருத்துவமனை வாயிலில் நிற்கின்றனர். எனினும் அவர்கள் நோயாளிகள் அல்லர். துயரம் நோயன்று. அவர்கள் அனைவரையும் நோயாளியாக்கும் சொல்லும் தவறு; கடுநோய் கொண்ட அந்த ஐவரையும் 'கவலைதான், போகப்போகச் சரியாகிவிடும்' என்று மருந்தில்லாமல் விட்டுவிடும் சொல்லும் தவறு.

மனமும் சமூகமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்துறையில் எழுதிய இரு ஆங்கில நூல்கள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. 1998-இல் வந்த நூலின் பெயரைத் தமிழில் 'வடுப்பட்ட மனங்கள்' எனலாம். 2014-இல் வந்த நூலின் பெயர் 'வடுப்பட்ட சமூகங்கள்'. இடையில் பதினாறு ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009-ஆம் ஆண்டின் இறுதிப்போரும் நிகழ்ந்தன. 'மனங்கள்' என்பது 'சமூகங்கள்' என்று மாறியது தலைப்பு மாற்றம் மட்டுமன்று. ஓர் அறிஞர் தம் கருத்தை வளர்த்துக்கொண்டதற்கு அடையாளம்.

தனி ஒருவரை அறையில் அமர்த்தி அவர் மனத்தைப் பரிசோதித்தால் மட்டும் போதாது. உறவும், அயலும், கோயிலும், பள்ளியும், தொழிலும் சிதைந்த இடத்தில் சிதைவு ஊர் முழுமைக்கும் உரியது. எனவே பரிகாரமும் ஊர் முழுமைக்கும் வேண்டும் என்பது அவர் கோட்பாடு. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஆராய்ந்த உளநூலார் காயத்திரி பெர்னாண்டோவும் இதற்கு இயைந்த உண்மையையே கண்டார். 'என் உள்ளத்தில் அச்சம் இருக்கிறது' என்று சொல்வதைவிட, உறவிலும் ஊரிலும் தாம் வகித்த இடம் போயிற்று என்று சொல்வதே அங்குள்ளோர் இயல்பாயிருந்தது. தாயாக, மூத்த மகனாக, ஊருக்கு உழைப்பவனாக இருந்த நிலை போனதே அவர்களுக்குப் பெருநோவு. தமிழ் மரபை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

இக்கோட்பாடு பாராட்டத்தக்கது. எனினும் ஓரிடத்தில் இதனை மறுத்துப் பேசவேண்டியிருக்கிறது. நெடும்போர்க்கு ஆளான ஊர்களின் இயல்பை விரிக்கும்பொழுது, அவை பிறரைச் சார்ந்து வாழ்வன, முனைப்பற்றன, மௌனமானவை, தலைமையற்றன, எவரையும் ஐயுறுவன என்று 2007-ஆம் ஆண்டின் ஆய்வுக்கட்டுரையில் அவர் பட்டியலிடுகிறார். அவர் இரக்கத்தோடு எழுதினார் என்பதில் ஐயமில்லை; இவை போரின் விளைவுகள் என்பதையும் மறவாது கூறுகிறார். ஆனால், பெயரடைகள் நூலைவிட்டுப் புறப்பட்டுத் தனியே நடக்கும் இயல்புடையன. 'முனைப்பற்ற மக்கள்' என்பது அதிகாரியின் கோப்பினுள் நுழைந்ததும், காரணம் உதிர்ந்துபோய்க் குற்றச்சாட்டு மட்டும் எஞ்சுகிறது. உலர் உணவுக்கு வரிசையில் நிற்பதைத் தவிர வேறு தொழில் அனுமதிக்கப்படாதவனைச் சோம்பேறி என்பது எளிது. பேசியவன் இரவில் அழைத்துச் செல்லப்பட்ட ஊரில் மௌனம் நோயின் அறிகுறியா, உயிர் காக்கும் அறிவா என்பதையும் சிந்தித்தல் வேண்டும்.

நலன்புரி நிலையம்

2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபொழுது, வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 280,000 பேர் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் வவுனியாவை அடுத்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். முள்வேலி சூழ்ந்த அம்முகாமிலிருந்து வெளியே போய்வர அவ்வாண்டு டிசம்பர் வரை உரிமை இல்லை. முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. இத்தகைய முகாம்களுக்கு இலங்கை அரசாங்கத் தமிழில் வழங்கிய பெயர் 'நலன்புரி நிலையம்' என்பது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை. கண் காண்பது ஒன்று, பெயர்ப்பலகை சொல்வது மற்றொன்று என்னும் நிலை குழந்தைகளின் உள்ளத்தைப் பெரிதும் குழப்பும். தான் காண்பதையே நம்பக்கூடாது என்று அவை கற்றுக்கொள்கின்றன. நம்பிக்கையின்மை அச்சமூகத்தின் குணம் என்று பின்னர் எழுதப்படுகிறதே, அதற்கு வித்திட்டவற்றுள் இத்தகைய பெயர்ப்பலகைகளும் அடங்கும்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு 'இலங்கை அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் 'அகதி' என்று அழைக்கப்படும் இழிவை இது ஓரளவு குறைக்கும். அந்த அளவில் நன்றே. ஆயினும் பெயர் மாற்றம் குடியுரிமை ஆகாது. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத நிலையே அவர்தம் உள்ளத்தை அரிக்கும் பெருங்கவலை. நல்ல பெயர் வழியைத் திறக்க உதவலாம்; வழிக்கு ஈடாக நிற்கலாகாது.

காணாமற்போனோர்

போரில் மறைந்தவர்களை நெடுங்காலம் 'காணாமற்போனோர்' என்றே எழுதிவந்தனர். பேனா காணாமற்போகும்; திருவிழாவில் குழந்தை காணாமற்போகும். 'போதல்' தன்வினை. உறவினர் கண்முன்னே கொண்டுசெல்லப்பட்டவரை இவ்வாறு குறிப்பதை அன்னையர் ஏற்கவில்லை. 2017-ஆம் ஆண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரக் கொட்டகைகளில் புகைப்படங்களோடு அமர்ந்து போராட்டம் தொடங்கியவர்கள், தம் பிள்ளைகளைக் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே அழைத்தனர். இலக்கணம் பயின்ற புலவர் செய்யவேண்டிய திருத்தத்தை, பெருந்துயரில் இருந்த தாய்மார் செய்தனர். அண்மைக்காலத் தமிழில் நிகழ்ந்த சொல்திருத்தங்களுள் இதைவிடச் சிறந்தது அரிது.

இத்துயரின் தன்மையை ஆசிரியர்கள் ஊன்றி அறிதல் நன்று. இறந்தவர்க்கு எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும் செய்வது யாழ்ப்பாண வழக்கு. அச்சடங்குகள் துயரத்துக்கு எல்லை கட்டுகின்றன. இந்நாள்வரை அழு, இனி அடுப்பை மூட்டு என்று சமுதாயமே கையைப் பிடித்துச் சொல்கிறது. உடல் கிடைக்காதவர்க்கு அந்தியேட்டி செய்தால், அவர் இறந்தார் என்று தாமே தீர்ப்பளித்த பழி வந்து சேரும். செய்யாவிட்டால் துயரத்துக்கு எல்லை இல்லை. மனைவி பொட்டு வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா? இரண்டும் தவறாகத் தோன்றும். போரில் மறைந்த அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அம்மையார் இதனைத் 'தெளிவுறா இழப்பு' என்னும் பொருள்படும் பெயரால் விளக்கினார். இங்கே குறை அப்பெண்ணின் மனத்தில் இல்லை. நேர்ந்தது இன்னதென்று சொல்ல மறுக்கும் சூழ்நிலையில் இருக்கிறது. அவளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்து விடையைக் கொடுக்காமல் இருப்பது வைத்தியமாகாது.

இலங்கையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழுக்கு மாறாக, ஒருவர் இல்லாமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற வழி செய்தது. 'இறந்தார்' என்று கையொப்பமிட மறுத்த தாய்மாரும் உதவி பெற இது இடங்கொடுத்தது. ஒரு பத்திரத்தில் ஒரு சொல் மாறுவதே சிறு மருத்துவமாகும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால், அது முழு விடையன்று என்பதனாலேயே கொட்டகையில் அமர்ந்தவர்கள் எழுந்து போகவில்லை.

மலாயாத் தமிழர்க்கு இத்துயரம் புதியதன்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற பல்லாயிரவரில் பெருந்தொகையினர் மீளவில்லை. எங்கே, எந்நாளில் இறந்தனர் என்ற செய்தியும் பல வீடுகளுக்கு வரவில்லை. திவசநாள் அறியாத குடும்பங்கள் இந்நாட்டிலும் இருந்தன. ஆதலின் கிளிநொச்சித் தாயின் சொல் இங்குள்ளோர்க்கு அயலார் சொல்லாக ஒலிக்க நியாயமில்லை.

ஆற்றுப்படுத்தல்

குறைகளையே கூறிச் செல்வது திறனாய்வு ஆகாது. ஈழத்தமிழ் இத்துறைக்குத் தந்த அருஞ்சொல் ஒன்று உண்டு. துயருற்றவரோடு பேசி அவர்க்கு வழிகாட்டும் பணியை அங்கே 'ஆற்றுப்படுத்தல்' என்றும், அப்பணி செய்பவரை 'ஆற்றுப்படுத்துநர்' என்றும் வழங்குகின்றனர். சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்பது, வறுமையில் வாடும் பாணனுக்கோ கூத்தனுக்கோ, அவனைப்போலவே வாடிப் பின் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன் வழி சொல்வது. 'ஆறு' என்பது வழி. ஆறுதல் என்னும் பொருளும் கேட்போர் செவியில் தானே வந்து சேர்கிறது.

இச்சொல்லில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. வழி சொல்பவன் மேலிருந்து அருள் செய்பவன் அல்லன். அதே பாலையைக் கடந்து வந்தவன். வழியில் உள்ள இடர்களையும் தங்கும் இடங்களையும் அவன் ஒளிக்காது சொல்கிறான். நடக்கவேண்டியவனோ கேட்பவனே, அவன் சார்பில் பிறர் நடப்பதில்லை. மேனாட்டில் பயின்று வந்த அறிஞர்கள் நீண்ட ஆராய்ச்சிக்குப்பின் வற்புறுத்தும் கருத்தும் ஏறத்தாழ இதுவே. ஐக்கிய நாடுகள் சார்ந்த நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் கூடி 2007-இல் வெளியிட்ட நெறிமுறை, உதவியை நான்கு படிகளாக வகுக்கிறது. உணவும் பாதுகாப்பும் மானமும் கெடாத இருப்பிடம் அடிப்படி. குடும்பமும் ஊரும் பள்ளியும் மீண்டும் இயங்கச் செய்வது இரண்டாம் படி. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரையோ ஒரு சிறு குழுவையோ அணுகி ஆற்றுவது மூன்றாம் படி. உளமருத்துவர் சிகிச்சை உச்சிப்படி. அடிப்படி இல்லாமல் உச்சிப்படி கட்ட முயல்வது கூரையிலிருந்து வீடு கட்டுவதை ஒக்கும்.

பள்ளியின் பங்கு

ஆசிரியர்க்கு இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் இடம் உண்டு. ஆனால், நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று கருதிவிடலாகாது. 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எச்சரிக்கை தருகிறது. வட இலங்கையில் போர் நடந்த காலத்தில், 399 பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர்க்கு ஐந்து வாரங்களில் பதினைந்து அமர்வுகள் நடத்தி, மற்றவரோடு ஒப்பிட்டனர். விளையாட்டும், நாடகமும், பேச்சும் கலந்த நல்ல முறை. எனினும் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில், முதன்மையாக எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆண்பிள்ளைகள் சிலர் தேறினர். பெண்பிள்ளைகளோ, அமர்வு இல்லாத பெண்பிள்ளைகள் தேறிய அளவுகூடத் தேறவில்லை. அன்றாட வாழ்வில் போரின் தொல்லை குறைந்திருந்த பிள்ளைகளுக்கே பயன் மிகுதியாயிருந்தது. அடி விழுந்துகொண்டிருக்கும்பொழுது புண்ணுக்கு மருந்திடுவது கடினம் என்பது இதன் பொருள்.

மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் மனவடு நோய்க்கு உட்பட்டிருந்த 31 பிள்ளைகளுள் ஒரு பாதியினரைத் தம் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லச் செய்தனர். மறுபாதியினர்க்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் அளித்தனர். ஆறு அமர்வுகளே நடந்தன. ஆறு திங்கள் கழித்துப் பார்க்கையில் முதற்பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் மற்றப்பகுதியில் 71 பேரும் நலம் பெற்றிருந்தனர். பிள்ளைகளின் தொகை சிறிது. எந்த உதவியும் பெறாத குழு ஒப்பிடப்படவில்லை. ஆதலின் மிகைப்படுத்திச் சொல்லலாகாது. ஆயினும் வடு என்று பெயரிடப்பட்டது பெரும்பாலும் ஆறக்கூடிய புண்ணே என்பதை அஃது உணர்த்துகிறது.

மலேசியாவும் சிங்கப்பூரும் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் அல்ல. எனினும் மலேசியாவில் பல நாட்டு அகதிகள் வாழ்கின்றனர். அவர்தம் குழந்தைகள் பெரும்பாலும் தனிக் கற்றல் நிலையங்களில் பயில்கின்றனர். அங்கே சென்று தொண்டாற்றும் ஆசிரியர்கள் முதலில் கதை கேட்க முற்படுதல் வேண்டாம். மணியடித்தால் வகுப்பு, வகுப்பு முடிந்தால் ஆட்டம், நேற்று வந்த ஆசிரியரே இன்றும் வருவார் என்னும் ஒழுங்கே, நாளை என்பது இல்லாமற்போன குழந்தைக்கு முதல் மருந்து. பெயரைத் திருத்தமாக உச்சரிப்பது இரண்டாவது. குழந்தை தானே சொல்ல வந்தால் பொறுமையாகக் கேட்பது மூன்றாவது. தூக்கமும் உணவும் பேச்சும் அறவே நின்றுபோன குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பது நான்காவது. இந்நான்காவதைச் செய்ய வெட்கப்படலாகாது.

'ஆல்' என்னும் உருபு

முடிவாக, தொடங்கிய இலக்கணத்துக்கே திரும்புதல் தகும். செயப்பாட்டுவினை வாக்கியத்தில் வினைமுதல், மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபு ஏற்று நிற்கும். 'வெளியேற்றப்பட்டனர்' என்றால் எவரால் என்னும் கேள்வி உடனே எழும். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதிலும் அவ்விடம் காலியாகவே இருக்கிறது. அதனை நிரப்புவது நீதிமன்றங்களின் கடமை, வரலாற்று ஆசிரியர்களின் கடமை. வினையைச் சரியாக எழுதி அவ்விடத்தைக் காலியாகவேனும் காத்துவைப்பது மொழி ஆசிரியரின் கடமை. அரசு செய்ததாயினும், எதிர்த்து நின்றோர் செய்ததாயினும், வினைமுதலை மறைக்கும் தன்வினையை அங்கே வழங்குதல் தகாது.

அதே வேளையில், வாழ்க்கை முழுவதையும் செயப்பாட்டில் எழுதிவிடவும் கூடாது. அவ்வாறு எழுதினால் அம்மனிதர் என்றைக்கும் செயப்படுபொருளாகவே நின்றுவிடுவார். நிவாரணம் பெறுபவர், சிகிச்சை அளிக்கப்பட்டவர், குடியேற்றப்பட்டவர் என்றே அவர் வரலாறு முடியும். துரத்தப்பட்டவர்கள் தாமாகச் செய்தவையும் ஏராளம். குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தனர். மரத்தடியில் பள்ளி நடத்தினர். முகாமிலும் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டனர். திரும்பிவந்து கிணற்றைத் தூர்வாரினர். இவற்றையெல்லாம் செய்வினையில் எழுதுதல் வேண்டும்.

நேர்ந்த கொடுமையைப் பிறவினையிலும் செயப்பாட்டிலும் சொல்லப் பழகியவர், 'விட்டுவிட்டு வந்தேன்' என்று தம்மேல் சுமத்திக்கொண்ட பழியைச் சிறிது இறக்கிவைப்பார். எழுந்து நடந்ததைச் செய்வினையில் சொல்லப் பழகியவர், தாம் இன்னும் ஒரு வாக்கியத்தின் எழுவாயாக நிற்கக் கூடியவர் என்பதை அறிவார். அகதிக் குழந்தையின் கட்டுரையைச் சிவப்பு மையினால் திருத்த அமரும் ஆசிரியர், சந்திப்பிழையைத் தேடுமுன் வினைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வாராக.